வருகிற ராஜ்யம்: கிறிஸ்தவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள்?

கிறிஸ்தவ வீட்டில் சாவு விழுந்தால் தெருச் சுவரில் ஒட்டும் போஸ்டரில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று இருக்கும். அடக்க ஆராதனையில் ஆறுதல் சொல்ல எழுந்திருப்பவர், "அப்பா பரலோகம் போய்ச் சேர்ந்துட்டாங்க, இப்ப இயேசுவோட இருக்காங்க" என்பார். பிறகு கல்லறை கட்டும்போது கல்லில் பொறிக்கும் வசனமோ "கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்" என்பது. தூங்குகிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா, இனிமேல்தான் எழுந்திருக்கப் போகிறாரா? ஒரே குடும்பம் ஒரே ஆளைப் பற்றி மூன்றையும் சொல்கிறது. துக்க வீட்டில் அதை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் கிறிஸ்தவம் கடைசியில் எதை எதிர்பார்க்கிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டுமானால், இந்த மூன்றும் எப்படி ஒன்றாகக் கலந்தன என்று பார்த்தாக வேண்டும்.

பைபிளில் இந்த எதிர்பார்ப்புக்கு ஒரு திசை உண்டு, அது மேலிருந்து கீழ். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் எங்களை மேலே எடுத்துக்கொள்ளும் என்று கேட்கவில்லை. "உம்முடைய ராஜ்யம் வருவதாக, உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோலப் பூமியிலேயும் செய்யப்படுவதாக" என்று கேட்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசிப் பக்கங்களிலும் மனிதர்கள் மேலே ஏறிப் போவதில்லை, புதிய எருசலேம் என்ற நகரம்தான் வானத்திலிருந்து பூமிக்கு இறங்கி வருகிறது. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று சொன்னதும் அதே பைபிள்தான், மறுக்கவில்லை. ஆனால் இறந்தவர் கடவுளிடம் இருப்பது இடைப்பட்ட நிலை. முடிவு அதுவல்ல. முடிவு என்பது இந்தப் பூமி சரி செய்யப்படுவதும், இறந்தவர்கள் உடலோடு எழுந்து அதில் வாழ்வதும். கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் 'மோட்சத்துக்குப் போவது' என்பதோடு நிறுத்திக்கொள்வதால், இந்த இரண்டாம் பாதி கல்லறைக் கல்லில் மட்டும் மிச்சமிருக்கிறது.

யூதர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள்

இந்த நம்பிக்கை இயேசுவோடு தொடங்கியதல்ல. கடவுளே அரசர் என்று பாடிய ஒரு சின்ன ஜனம், கி.மு. 586-ல் பாபிலோனியரிடம் எருசலேமையும் ஆலயத்தையும் இழந்தது. அதன்பின் பாரசீகர், கிரேக்கர், ரோமர் என்று ஆள் மாறினார்களே தவிர, நடுவில் ஏறக்குறைய எண்பது வருடம் தவிர அந்நிய ஆட்சி மாறவில்லை. கடவுள் அரசர் என்றால் வரியை வேறொருவன் ஏன் வாங்குகிறான் என்ற கேள்வி அவர்களுக்கு இறையியல் கேள்வியாகவும் சாப்பாட்டுக் கேள்வியாகவும் இருந்தது.

கி.மு. 167-ல் சீரிய மன்னன் நான்காம் அந்தியோகு எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தைத் தீட்டுப்படுத்தினான். ஓய்வுநாளும் விருத்தசேதனமும் தடை செய்யப்பட்டன, மீறியவர்கள் கொல்லப்பட்டார்கள். தானியேல் புத்தகத்தின் தரிசனங்கள் இந்தக் காலத்தின் நெருக்கடியில் உருவானவை என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். கடலிலிருந்து நாலு மிருகங்கள் ஏறி வருகின்றன, ஒவ்வொன்றும் ஒரு பேரரசு. கடைசியில் மனித சாயலான ஒருவர் வானத்து மேகங்களோடு வருகிறார், அழியாத ராஜ்யம் அவருக்குக் கொடுக்கப்படுகிறது. மிருகங்கள் ஆண்டது போதும், இனி மனிதத் தன்மையுள்ள ஆட்சி என்பதே அந்தப் படத்தின் அர்த்தம்.

உயிர்த்தெழுதல் என்ற எண்ணம் தெளிவான வார்த்தைகளில் வருவதும் இதே புத்தகத்தின் 12-ம் அதிகாரத்தில்தான். காரணம் எளிது. அதுவரை, நல்லவனாக இருந்தால் நீடூழி வாழ்வாய் என்பதே பழைய கணக்கு. அந்தியோகு காலத்தில் நல்லவனாக இருந்ததற்காகவே செத்தார்கள். வருகிற ராஜ்யத்தில் அவர்களுக்குப் பங்கில்லை என்றால் அந்த ராஜ்யத்தில் நியாயம் எங்கே? ஆகவே செத்தவர்கள் எழுந்தாக வேண்டும். உயிர்த்தெழுதல் நம்பிக்கை பிறந்ததற்கு மரண பயத்தைவிட நியாயத்தின் மேலிருந்த பசிதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இயேசுவின் சிறுவயதில், கி.பி. 6-ல், ரோமர் வரிக்காகக் குடிக்கணக்கு எடுத்தபோது கலிலேயாவைச் சேர்ந்த யூதாஸ் என்பவர் கலகம் செய்தார். கடவுளைத் தவிர வேறு எஜமான் இல்லை என்பதே அவருடைய கோஷம் என்று வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். யூதர்களின் பழைய ஜெபமான கத்தீஷோ, "உங்கள் வாழ்நாளில், உங்கள் காலத்தில்" கடவுள் தம் ராஜ்யத்தை நிலைநாட்டட்டும் என்று வேண்டியது. வாளோடும் ஜெபத்தோடும் காத்திருந்த இந்த ஜனத்துக்கு நடுவில்தான் நாசரேத்துத் தச்சர் ஒருவர் எழுந்து, "காலம் நிறைவேறிற்று, தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று" என்றார்.

கூலிக்கு நின்றவர்கள்

அந்த ராஜ்யம் எப்படி இருக்கும் என்று இயேசு வரையறை சொல்லவே இல்லை, கதை சொன்னார். மத்தேயு 20-ல் உள்ள கதையை எடுத்துக்கொள்ளுங்கள். திராட்சத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போய் ஆள் பிடிக்கிறார், நாளொன்றுக்கு ஒரு பணம் கூலி. ஒன்பது மணிக்கும் மத்தியானமும் மூன்று மணிக்கும் போய் இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். மாலை ஐந்து மணிக்குப் போனால் அப்போதும் சிலர் நிற்கிறார்கள். "ஏன் பகல் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள்?" "ஒருவரும் எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை." அவர்களையும் அனுப்புகிறார். இருட்டியதும் எல்லோருக்கும் ஒரே கூலி.

காலை ஆறு மணிக்குத் தூக்குவாளியோடு பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கூட்டமாக நிற்கும் கொத்தனார்களையும் சித்தாள்களையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. பத்து மணிக்குமேல் நிற்பவர் சோம்பேறி இல்லை, வயதானவராகவோ ஒல்லியானவராகவோ இருப்பார், மேஸ்திரி அவரைத் தாண்டிப் போயிருப்பார். ஒரு பணம் என்பது ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் பாடு. பகுதி நேரத்துக்குப் பகுதிக் கூலி என்றால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. தோட்டக்காரர் கொடுத்தது வேலைக்கான விலை மட்டுமல்ல, ஆள் உயிர்வாழத் தேவையானது. முழு நாளும் வெயிலில் உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள், அந்த முணுமுணுப்பிலும் நியாயம் இருக்கிறது. இயேசு அதை மறைக்கவில்லை. ராஜ்யம் வந்தால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று அவர் சொன்னதே கிடையாது.

இப்படிப்பட்ட ஆட்சி இப்போதே தொடங்கிவிட்டது போலவும் பேசினார், இனிமேல்தான் வரும் என்பது போலவும் பேசினார். "தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே" என்று பரிசேயரிடம் சொன்னவர், கடைசி இராப்போஜனத்தில் ராஜ்யம் வரும்வரை இனித் திராட்சரசம் குடிப்பதில்லை என்றார். இங்கே நிற்பவர்களில் சிலர் அதைப் பார்க்கும்முன் சாகமாட்டார்கள் என்றார். அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர ஒருவனும் அறியான், குமாரனும் அறியார் என்றும் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியம் திருச்சபைக்குக் கொஞ்சம் சங்கடமானது. பின்னால் வந்த யாரும் இதைக் கற்பனையாகச் சேர்த்திருக்க முடியாது என்று ஆய்வாளர்கள் நினைப்பதற்கும் அதுவே காரணம்.

இருபதாம் நூற்றாண்டின் பாதி இந்த முடிச்சை அவிழ்ப்பதில் போனது. 1906-ல் இறையியலாளர் ஆல்பர்ட் ஸ்வைட்சர், இயேசு உலக முடிவைத் தம் காலத்திலேயே எதிர்பார்த்தார், அது நடக்கவில்லை என்று துணிந்து எழுதினார். பிறகு அதே மனிதர் டாக்டருக்குப் படித்து ஆப்பிரிக்காவுக்கு மருத்துவம் பார்க்கப் போய்விட்டார், அது வேறு கதை. 1935-ல் சி. எச். டாட் என்ற பைபிள் ஆய்வாளர் நேர் எதிராக, ராஜ்யம் இயேசுவிலேயே வந்துவிட்டது என்றார். இறையியலாளர் ஆஸ்கர் குல்மன் இரண்டையும் சேர்த்துக்கட்டி ஒரு விளக்கம் கொடுத்தார். 1944 ஜூனில் நேச நாட்டுப் படை நார்மண்டியில் இறங்கியபோதே போரின் போக்கு முடிவாகிவிட்டது, ஆனால் ஜெர்மனி சரணடைய 1945 மே ஆகிவிட்டது, நடுவில் பல லட்சம் பேர் செத்தார்கள். சிலுவையும் உயிர்த்தெழுதலும் முதலாவது, ராஜ்யத்தின் வருகை இரண்டாவது, நாம் இருப்பது நடுவில் என்றார். இன்றைக்கு இறையியல் கல்லூரிகளில் 'ஏற்கனவே, ஆனால் இன்னும் இல்லை' என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான். விளக்கம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நார்மண்டிக்கும் சரணடைவுக்கும் நடுவில் பதினோரு மாதம்தான். சிலுவைக்குப் பின் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் ஓடிவிட்டது.

தாமதம்

தாமதம் முதலில் உறைத்தது தெசலோனிக்கேயில். கிறிஸ்து வரும்வரை உயிரோடு இருப்போம் என்று நினைத்த அந்த ஊர் விசுவாசிகளில் சிலர் இறந்துபோனார்கள். மீதிப்பேர் கலங்கினார்கள். செத்தவர்களுக்கு ராஜ்யத்தில் பங்கில்லையா? கி.பி. 50 வாக்கில் பவுல் எழுதிய பதில்தான் கல்லறையில் நாம் பொறிக்கும் அந்த வசனம். அடுத்த கடிதத்தில் வேறொரு பிரச்சினை. முடிவுதான் வந்துவிட்டதே என்று சிலர் வேலையை விட்டுவிட்டுச் சுற்றித் திரிந்தார்கள். வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று கடுமையாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. எதிர்காலத்தை நம்புவது நிகழ்காலத்திலிருந்து விடுமுறை எடுப்பதாக மாறும் ஆபத்து முதல் தலைமுறையிலேயே ஆரம்பித்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கி.பி. 70-ல் ரோமர் எருசலேமை இடித்தார்கள். அப்போதும் முடிவு வரவில்லை. "கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போலவும், ஆயிரம் வருஷம் ஒருநாள்போலவும் இருக்கிறது" என்று பேதுருவின் இரண்டாம் நிருபம் சமாதானம் சொல்கிறது. ஆனாலும் எதிர்பார்ப்பு அணையவில்லை. முதல் நூற்றாண்டின் கடைசியில், பெரும்பாலும் ரோமப் பேரரசர் தொமித்தியன் காலத்தில், பத்மு தீவில் எழுதப்பட்ட வெளிப்படுத்தின விசேஷம் அதை மறுபடியும் கொளுத்தியது.

அந்தப் புத்தகத்தை ஜோசியப் புத்தகம் போல வாசிப்பவர்கள் 18-ம் அதிகாரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாபிலோன் என்ற பெயரில் அங்கே விழுவது ரோம். அழுவது வியாபாரிகள். இனித் தங்கள் சரக்கை வாங்க ஆளில்லையே என்று பட்டியல் போட்டு அழுகிறார்கள்: பொன், வெள்ளி, இரத்தினம், முத்து, பட்டு, தந்தப் பொருள், இலவங்கப்பட்டை, தூபவர்க்கம், திராட்சரசம், எண்ணெய், மாடு, ஆடு, குதிரை. இதில் முத்தும் தந்தமும் ரோமுக்குப் போன வழிகளில் ஒன்று நம் கடற்கரை வழி. கொற்கை முத்து அந்தக் காலத்தில் உலகப் புகழ் பெற்றது. இந்தியா, சீனா, அரேபியா மூன்றும் வருடத்துக்கு 10 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ரோமிலிருந்து உறிஞ்சுகின்றன என்று ரோம எழுத்தாளர் பிளினி புலம்பியது இதே நூற்றாண்டில்தான். வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதிய யோவான் அந்தப் பட்டியலைச் சாமர்த்தியமாக எழுதியிருக்கிறார். பொன்னில் தொடங்கி இறங்கி இறங்கி, கடைசிச் சரக்காக அடிமைகள், மனுஷருடைய ஆத்துமாக்கள் என்று முடிக்கிறார். ஒரு பேரரசின் கணக்குப் புத்தகத்தில் மனிதன் குதிரைக்கும் ரதத்துக்கும் பின்னால் வருகிறான். இந்தக் கணக்கு விழும் என்பதுதான் வருகிற ராஜ்யத்தின் நற்செய்தி. சந்தோஷப்படச் சொல்லப்படுபவர்கள் இந்தக் கணக்கினால் நசுக்கப்பட்டவர்கள்.

அதே புத்தகத்தின் 20-ம் அதிகாரத்தில், ஆறே வசனங்களில், கிறிஸ்துவோடு பரிசுத்தவான்கள் ஆயிரம் வருடம் அரசாள்வது பற்றிப் பேச்சு வருகிறது. பின்வந்த சண்டைகளில் பாதி இந்த ஆறு வசனத்தின்மேல் கட்டியது. இரண்டாம் நூற்றாண்டின் ஆயர் பப்பியா, அந்த நாளில் ஒரு திராட்சைச் செடியில் பத்தாயிரம் கொடி, ஒவ்வொரு கொடியிலும் பத்தாயிரம் கிளை என்று பெருக்கிக்கொண்டே போய், ஒரே ஒரு பழத்தைப் பிழிந்தால் 25 அளவு ரசம் வரும் என்று சொன்னதாக அவருக்குப் பின்வந்த ஆயர் இரேனியு எழுதிவைத்திருக்கிறார். படித்தவர்கள் பின்னால் இதைக் கேலி செய்தார்கள். எனக்கென்னவோ பப்பியாவைப் பிடிக்கிறது. பசியுள்ளவனுடைய மோட்சத்தில் பழம் இருக்கத்தான் செய்யும்.

மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிப்போலித்து என்ற சபை எழுத்தாளர் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறார். சீரியாவில் ஒரு சபைத் தலைவர், கிறிஸ்துவைச் சந்திக்கலாம் என்று தன் மக்களைப் பெண்டுபிள்ளைகளோடு வனாந்தரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அலைய விட்டார். கருங்கடல் ஓரத்துப் பொந்துவில் இன்னொருவர் கனவு கண்டு ஒரு வருடத்துக்குள் நியாயத்தீர்ப்பு என்றார், ஜனங்கள் ஆடுமாடுகளை விற்று நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். வருடம் முடிந்தது. விற்றவர்கள் பிச்சைக்காரர்கள் ஆனார்கள்.

ராஜ்யம் சபைக்குள் அடங்கியது

நாலாம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தின் பக்கம் வந்ததும் நிலைமை தலைகீழானது. ரோம் விழ வேண்டும் என்று எதிர்பார்த்த சபைக்கு ரோம் பாதுகாவலன் ஆகிவிட்டது. வருகிற ராஜ்யத்தில் பாதி வந்துவிட்டதாகவே சில ஆயர்கள் பேசினார்கள். 410-ல் விசிகோத்தியர் ரோமைச் சூறையாடியபோது அந்த மயக்கம் தெளிந்தது. அதைப் பார்த்து வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் எழுதத் தொடங்கிய பெரிய நூல், எந்த மனிதப் பேரரசையும் கடவுளின் நகரத்தோடு குழப்பாதீர்கள் என்று திட்டவட்டமாகச் சொன்னது. அது அவருடைய பெரிய தொண்டு. கூடவே அவர் செய்த இன்னொரு காரியம், ஆயிரம் வருட ஆட்சி என்பது இப்போது நடந்துகொண்டிருக்கும் சபையின் காலமே என்று விளக்கியது. பப்பியாவின் திராட்சைக்கு அங்கே இடமில்லை.

அதற்குப்பின் ஆயிரம் வருடத்துக்கு மேற்குலகக் கிறிஸ்தவத்தில் கேள்வி மாறிப்போனது. உலகம் என்ன ஆகும் என்பது பின்னுக்குப் போய், செத்தபின் நான் எங்கே போவேன் என்பது முன்னுக்கு வந்தது. மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் எல்லாம் தனி ஆளின் கணக்கு. மிஷனரிகள் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து நம் கரைகளுக்குக் கொண்டுவந்ததும் பெரும்பாலும் இந்த வடிவம்தான். 'பரலோகம் போய்ச் சேர்ந்துட்டாங்க' என்ற பேச்சு அங்கிருந்து வருகிறது.

அடக்கி வைத்த எதிர்பார்ப்பு அவ்வப்போது வெடித்தது. மிக மோசமாக வெடித்தது 1534-ல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில். புதிய எருசலேம் இதுதான் என்று அறிவித்து நகரைப் பிடித்தவர்களின் தலைவர் லெய்டன் யான் தன்னையே ராஜாவாக முடிசூட்டிக்கொண்டார், பலதார மணத்தைச் சட்டமாக்கினார், எதிர்த்தவர்களைக் கொன்றார். அடுத்த வருடம் நகரம் விழுந்தது. அவரும் இரண்டு கூட்டாளிகளும் சித்திரவதை செய்து கொல்லப்பட்டு, உடல்கள் இரும்புக் கூண்டுகளில் தொங்கவிடப்பட்டன. புனித லம்பேர்ட் ஆலயக் கோபுரத்தில் அந்த மூன்று கூண்டுகள் இன்றைக்கும் தொங்குகின்றன.

தேதி குறித்தவர்கள்

மூன்ஸ்டர் போல வாளெடுக்காமல், பென்சில் எடுத்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தார்கள். அமெரிக்க விவசாயி வில்லியம் மில்லரின் கணக்கு இப்படி. தானியேல் 8:14-ல் 2300 நாளுக்குப் பின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்று இருக்கிறது. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்றால் ஒரு வருடம். பாரசீக மன்னன் அர்தசஷ்டா கட்டளையிட்ட கி.மு. 457-ல் எண்ணத் தொடங்கினால், பூஜ்ஜிய வருடம் கிடையாது என்பதையும் சேர்த்து, 1844-ல் முடியும். முதலில் 1844 மார்ச்சுக்குள் என்றார்கள், அது கடந்தது. பிறகு அவருடைய இயக்கத்தினர் அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார்கள். அறுவடை செய்யாமல் வயலை விட்டவர்கள் உண்டு. அக்டோபர் 23-ம் விடிந்தது. அந்த இயக்கம் சிதறியது. ஒரு பகுதியினர், தேதி சரி, இடம்தான் தவறு, கிறிஸ்து அன்று பரலோகத்துப் பரிசுத்த ஸ்தலத்தில் பிரவேசித்தார் என்று விளங்கிக்கொண்டார்கள். அவர்கள் வழியில் வந்ததுதான் 1863-ல் அமைப்பாக உருவான ஏழாம்நாள் அட்வென்டிஸ்டு சபை.

நமக்குப் பக்கத்திலேயே இதன் ஜோடி ஒன்று உண்டு. 1860-ல் திருநெல்வேலிப் பகுதியில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் ஊழியத்தைச் சுற்றி ஒரு பெரிய எழுப்புதல் நடந்தது. அருளப்பன் முதலில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் கற்றவர், பின் குருமார் பட்டம் இல்லாத பிரதரன் சபை இயக்கத்தின் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸோடு சேர்ந்தவர். அந்த எழுப்புதலின் அலை மலையைத் தாண்டித் திருவிதாங்கூருக்கும் போனது. அங்கே பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861-ல் ஞானஸ்நானம் பெற்று, ஆங்கிலிக்கன் குருவாகவும் ஆன யுஸ்துஸ் யோசேப்பு என்பவர், வித்வான் குட்டி என்று பெயர் பெற்ற பாடலாசிரியர், கிறிஸ்து 1881-ல் வருவார் என்று பிரசங்கித்தார். பலர் நம்பினார்கள். 1881 கடந்தது. கிறிஸ்து ஆவியில் வந்துவிட்டார் என்று விளக்கி யுயோமய சபை என்று தனிச் சபை உண்டாக்கினார். நியூயார்க் மாநிலத்து விவசாயியும் திருவிதாங்கூர் வித்வானும் ஒருவரையொருவர் அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் தேதி பொய்த்தபின் இரண்டு கூட்டமும் ஒரே வாசல் வழியாகவே வெளியேறின: நடந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. சபை தேய்ந்துபோனாலும் வித்வான் குட்டியின் மலையாளப் பாட்டுகளைக் கேரளச் சபைகள் இன்றும் பாடுகின்றன.

தேதி குறிக்காமலே தேதி குறிப்பவர்களின் மனநிலையைத் தக்கவைத்துக்கொள்ளும் வழியைக் கொடுத்தவர் பிரதரன் இயக்கத்தின் டார்பி. முதலில் சபை ரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும், பின் உபத்திரவ காலம், அந்திக்கிறிஸ்து, பிறகு வெளியரங்கமான வருகை, ஆயிரவருட அரசாட்சி என்று அவர் 1830-களில் வகுத்த அட்டவணை 1909-ல் ஸ்கோஃபீல்டு குறிப்புகளோடு அச்சான பைபிள் வழியாக உலகெங்கும் பரவியது. தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபைகளின் கன்வென்ஷன் மேடைகளில் தொங்கும் கடைசிக்காலப் படவிளக்கம் பெரும்பாலும் இதுதான். மேடையில் பேசுபவருக்கு அது இருநூறு வருடப் பழசு, இரண்டாயிரம் வருடப் பழசு அல்ல என்பது பல நேரம் தெரியாது. வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் முத்திரை இதுதானோ என்று பார்கோடு, ஆதார், தடுப்பூசி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்ததும் இதன் வால்தான்.

தேதி குறித்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அவர்கள் ஒன்றை மறக்கவில்லை. பைபிள் எதிர்பார்ப்பது இந்த உலகத்தில் நடக்கப்போகும் ஒரு காரியத்தை என்பதை அவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதை மெல்லக் கரைத்துவிட்டவர்கள் மறுபக்கம் இருந்தார்கள்.

முன்னேற்றமும் போரும்

அந்த மறுபக்கம், ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் வளர்ந்த தாராளவாத இறையியல். கடவுளின் ராஜ்யம் என்பது மனிதகுலம் ஒழுக்கத்தில் படிப்படியாக முன்னேறுவது என்றார்கள். இதன் நல்ல கிளை அமெரிக்காவில் வால்டர் ரௌஷன்புஷ். நியூயார்க்கின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பதினோரு வருடம் போதகராக இருந்து, குழந்தைகளைப் புதைத்துப் புதைத்து, ராஜ்யம் என்றால் கூலியும் வாடகையும் சம்பந்தப்பட்டது என்று எழுதியவர். கெட்ட கிளை 1914-ல் தெரிந்தது. முதல் உலகப்போரை நியாயப்படுத்தி 93 ஜெர்மன் அறிவாளிகள் வெளியிட்ட அறிக்கையில் தாராளவாத இறையியலின் முன்னணி ஆசிரியர் அடோல்ஃப் ஹார்னாக்கின் கையெழுத்தும் இருந்தது. சுவிஸ் கிராமம் ஒன்றில் போதகராக இருந்த கார்ல் பார்த், தன் ஆசிரியர்களின் பெயர்களை அதில் பார்த்து அதிர்ந்தார். மனித முன்னேற்றத்தை ராஜ்யம் என்று அழைத்தால், ராஜாவின் பீரங்கியும் அதற்குள் வந்துவிடும் என்பதை அன்றைக்குக் கண்டுகொண்டார்.

முசோலினி ஆட்சியைப் பிடித்து மூன்று வருடம் ஆகியிருந்த நிலையில், 1925 டிசம்பரில் பதினோராம் பயஸ் திருத்தந்தை, எல்லா ஆட்சிக்கும் மேலான அரசர் கிறிஸ்துவே என்று சொல்லும் கிறிஸ்து அரசர் பெருவிழாவை ஏற்படுத்தியதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். நம் ஊர்களில் நற்கருணைப் பவனியோடு அதைக் கொண்டாடுகிறோம். பின்னால் அது வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு மாற்றப்பட்டது.

இரண்டாம் உலகப்போரில் ஒரு பதினேழு வயதுப் பையன். பின்னாளில் இறையியலாளரான யூர்கன் மோல்ட்மன், ஹாம்பர்க்காரர், மதப்பற்றில்லாத குடும்பம். 1943 ஜூலையில் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது விமான எதிர்ப்புப் படையில் நின்றார். பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப்போனான், இவர் பிழைத்தார். நான் ஏன் சாகவில்லை என்ற கேள்வியோடு போர்க்கைதியாக 1948 வரை பெல்ஜியத்திலும் பிரிட்டனிலும் முகாம்களில் இருந்தார். பைபிளை ஒழுங்காகத் திறந்தது அங்கேதான். 1964-ல் அவர் எழுதிய நூல், எதிர்காலத்தைப் பற்றிய பாடத்தை இறையியலின் கடைசி அத்தியாயத்திலிருந்து எடுத்து முதலில் வைத்தது. அவர் சொன்னதன் சாரம், உயிர்த்தெழுதலை நம்புகிறவனுக்கு இருக்கிற உலகத்தோடு சமாதானமாகப் போக முடியாது என்பது. ராஜ்யம் வரும் என்று நம்பாதவன் இருப்பதைப் பழகிக்கொள்வான், நம்புகிறவனுக்குத்தான் இருப்பது உறுத்தும். 2024-ல் காலமானார். லத்தீன் அமெரிக்காவிலும் கொரியாவிலும் நம் நாட்டிலும் ஒடுக்கப்பட்டோர் இறையியல் பேசியவர்கள் அவரோடு சண்டையிட்டுக்கொண்டே அவரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டார்கள்.

சுவர்

மோல்ட்மன் சொன்ன அந்த உறுத்தல் தமிழ்நாட்டில் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால், நான் முதலில் கல்லறைத் தோட்டத்தைக் காட்டுவேன். திருச்சி மேலப்புதூரில் உள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளை மற்றவர்களின் கல்லறைகளிலிருந்து பிரிக்க ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். அதை இடிக்கச் சொல்லிப் பல காலமாகப் போராட்டங்கள் நடந்தன. மேலப்புதூர் செய்தித்தாளில் வந்ததால் தெரிந்தது. தனித்தனிக் கல்லறைத் தோட்டம், தனி அமரர் ஊர்தி, தேர் போகாத தெரு என்று பெயர் வெளியே வராத ஊர்கள் எத்தனையோ.

சபைக்குள் சாதி என்பதைச் சமூகப் பிரச்சினை, விசுவாசப் பிரச்சினை அல்ல என்று தள்ளிவைப்பவர்கள் உண்டு. மோட்சத்துக்குத் தனித்தனியாகப் போகிறோம் என்று நம்பினால் அந்த வாதம் நிற்கும், அங்கே போனபின் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் எழுந்திருப்பது இதே மண்ணிலிருந்து, ஒரே எக்காளத்துக்கு, உடலோடு என்றால், சுவரின் இரண்டு பக்கத்திலிருந்தும் எழுந்திருப்பவர்கள் முதலில் பார்க்கப்போவது அந்தச் சுவரை. வருகிற நகரத்தைப் பற்றி யோவான் அதன் வாசல்கள் அடைக்கப்படுவதேயில்லை என்கிறார். சபையில் தீண்டாமைக்கு எதிராகப் போராடுகிறவர்கள் இதைத் தங்களுக்கான வசனமாக எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

ராஜ்யத்தின் வருகையைப் பற்றிச் சபை கட்டாயமாகப் பேசியாக வேண்டிய காலம் ஒன்று ஆண்டுதோறும் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாலு ஞாயிறு, திருவருகைக் காலம். முதல் ஞாயிறின் நற்செய்தி வாசகம் குழந்தை இயேசுவைப் பற்றியதல்ல. மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21 என்று முறை வைத்து, மனுஷகுமாரன் வருவதைப் பற்றியும் விழித்திருப்பதைப் பற்றியும் வாசிக்கிறார்கள். அதற்குள் கேரல் ரவுண்ட்ஸ் ஆரம்பித்துவிடும், ஸ்டார் கட்டியாகிவிடும், கேக்குக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. பிரசங்கியாரும் வாசகத்தை ஒரு நிமிடத்தில் தாண்டிப் பெத்லகேமுக்குப் போய்விடுவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, கேட்கிறவர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். இந்த டிசம்பரில் உங்கள் சபையில் அந்த வாசகத்தின்மேல் யாராவது நிஜமாகவே பிரசங்கம் செய்தால், அவர் பேசுவது அட்டவணையைப் பற்றியா, செத்தபின் போகும் இடத்தைப் பற்றியா, அல்லது மாலை ஐந்து மணிவரை வேலை கிடைக்காமல் நின்றவனின் கூலியைப் பற்றியா என்று கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.